செவ்வாய்க்கிழமை கழுவிய கைகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவரை ஈரல் நோயுடன் சேலம் அஸ்தம்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த எனக்குச் சேலத்தில் தெரிந்தவர் என்று ஒருவரும் இல்லை.

செவ்வாய்தோறும் காலையில் பங்குச் சாமியார், எங்களைப் போன்ற கத்தோலிக்க நோயாளிகளுக்குச் செபம் சொல்லி எண்ணெய் பூச வருவார். இந்த அவஸ்தை பூசுதல் என்றாலே சாவுதான் என்று எனக்கு நினைப்பு. இவர் பயந்துவிடுவாரே என்று, சாமியாரை வாசலிலேயே மறித்து, "தூங்குறாருங்க சாமி" என்று திருப்பி அனுப்பினேன். மூன்று வாரமும் இதே பொய்.

அந்த மூன்று செவ்வாயும் விடிந்ததும் என் கணவர், "கையக் கொஞ்சம் கழுவி உடு புள்ள" என்பார். வேர்வையாக்கும் என்று நினைத்துக் கழுவிவிட்டேன்.

நான்காம் செவ்வாய் அவருக்கு நினைவு தப்பிவிட்டது. நானே ஓடிப்போய்ச் சாமியாரை அழைத்துவந்தேன். நெற்றியில் பூசிவிட்டு, "உள்ளங்கையிலயும் பூசணும், விரிச்சுப் புடிங்கம்மா" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று வாரமும் என் கணவர் கையைக் கழுவிக்கொண்டு இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார். நான் பயந்துவிடுவேனே என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. அன்றைக்குப் பார்த்து அந்தக் கைகளை நான் கழுவியிருக்கவில்லை.

இப்போதெல்லாம் கோயிலுக்கு வருகிறவர்களில் யாருக்காவது உடம்பு மோசமானால், "சாமியாரக் கூப்பிடட்டுங்களா?" என்று படுத்திருப்பவரிடமே கேட்டுவிடுகிறேன். போன மாதம் எனக்கே காய்ச்சல் முற்றியபோது சாமியாருக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், என் கைகளை நானே கழுவிக்கொண்டேன்.