ரேடியேட்டரில் கரைத்த மஞ்சள்

எழுபதுகளின் கடைசியில், பெரம்பலூரில் என் பழைய அம்பாசிடரை விற்றேன். ரேடியேட்டர் ஒழுகுவது தெரியாமலிருக்க மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றியிருந்தேன். அது சில நாள் ஓட்டையை அடைக்கும்; கழுவாமல் விட்டால் பிறகு ரேடியேட்டரையே அடைத்துவிடும். வாங்கியவர் லப்பைக்குடிக்காடு ஊரைச் சேர்ந்த ஒரு பாய். துபாயில் உழைத்துத் திரும்பியவர்.

அடுத்த மாதமே திருமானூர் சாலையில் அந்தக் கார் ஆவி பறக்க நின்றது. பஸ்ஸில் வந்த நான் இறங்கி ஓடினேன். என்ஜின் போய்விட்டிருந்தது.

"ரேடியேட்டர்ல இருக்குற தண்ணியக் கொட்டிட்டுக் கழுவணும்னு மெக்கானிக் அப்பவே சொன்னாருங்க. நாந்தான் வேணாம்னுட்டேன்" என்றார் பாய்.

"ஏன் பாய்?"

"மஞ்சளா இருந்துச்சுங்க. நீங்க சாமி கும்புட்டு ஊத்துனதா இருக்கும். அதப் போயி சாக்கடையில கொட்டலாமா?"

ஆமாம், சாமி கும்பிட்டுத்தான் ஊற்றினேன் என்று தலையாட்டிவிட்டேன்.

பழைய கார் வாங்குகிறவர்களிடம், முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள், தண்ணீர் மஞ்சளாக இருந்தால் வாங்காதீர்கள் என்று சொல்லிவருகிறேன். ஏன் என்று கேட்டால் மட்டும், யாரோ ஒரு மெக்கானிக் சொன்னதாகச் சொல்லிவிடுகிறேன்.