அம்பு இல்ல, டீச்சர்

விரிசல் விட்ட திரையில் செலோடேப் ஒட்டிய செல்போனை வாயருகே பிடித்தபடி, மாடிவீட்டுத் தங்கச்சி கீரைக்காரம்மா முன்னால் நின்ற காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒடியாவில் அவள் ஏதோ சொல்ல, போன் அதைத் தமிழாக்கிக் கணீரென்று, "தயவுசெய்து எனக்கு ஒரு கட்டு கீரை வழங்குங்கள்" என்றது. கீரைக்காரம்மா திகைத்து, பிறகு சிரித்து, கொசுறாகக் கொத்தமல்லியும் வைத்தார்.

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு அவர்கள் ஒடிசாவிலிருந்து குடிவந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் தங்கச்சி அழுது சிவந்த கண்ணோடு இறங்கிவந்து போனை நீட்டினாள். பிள்ளைக்குப் பேச வரவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். அந்தப் பிள்ளை ஒடியாவில் பாடுவதும் சண்டை போடுவதும் தினமும் எங்கள் அடுக்களைவரை கேட்கும்.

டீச்சரிடம் போனையே பேசவிடலாம் என்றேன். அவள் மறுத்துவிட்டாள். தன் வாயால் சொல்ல வேண்டுமாம். இருவரும் உட்கார்ந்தோம். அவள் சொன்னதை மொழிபெயர்ப்புச் செயலி "அவள் பேச மாட்டாள்" என்று ஆக்கியது. அதையே திரும்ப ஒடியாவுக்கு மாற்றிக் காட்டியதும் பதறிப்போனாள். பிறகு இலவச அகராதியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடினோம். 'பயம்' கிடைத்தது, 'புதிது' கிடைத்தது. கிடைத்த செந்தமிழை நான் எங்கள் ஊர்ப் பேச்சாக்கிக் கொடுத்தேன். துணி காயப்போடும்போதுகூட அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு அவளோடும் பிள்ளையோடும் நானும் கூடப் போனேன். வாசலிலேயே தங்கச்சி போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.

"டீச்சர், எம் பிள்ளைக்குப் பேச வரும். தமிழ் புதுசு, அதான் அவ பயப்படுதா. நீங்க கொஞ்சம் பைய பேசுங்க."

ஒரு சொல்கூடத் தவறவில்லை. டீச்சர் குனிந்து, சுவரிலிருந்த மாம்பழப் படத்தைக் காட்டி, உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர் என்று பிள்ளையிடம் நிதானமாகக் கேட்டார்.

"ஆம்போ" என்றது பிள்ளை, மெல்ல.

"அம்பு?"

"அம்பு இல்ல, டீச்சர். ஆம்போ."

பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதன்முதலாகப் பேசிய தமிழ், டீச்சரைத் திருத்தியதுதான். முதலில் சிரித்தவரும் டீச்சர்தான்.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. போன வாரம் தங்கச்சி முகமெல்லாம் சிரிப்பாக மாடிப்படியில் இறங்கி ஓடிவந்தாள். என்ன விசேஷம் என்றேன்.

"டீச்சர் கூப்பிட்டுவிட்டாங்கக்கா. வகுப்புல இவ வாயை மூடவே மாட்டேங்காளாம்."