கல்லீரலுக்குச் சாதி பார்த்தவர்

இன்று திருநகர் மருந்துக்கடையில் என் மனச்சோர்வு மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, இது வெள்ளைக்காரன் உடம்புக்குச் செஞ்சது. நம்ம ஆளுகளுக்குப் பாதி போதும். செல்லுல வந்துச்சு."

"நம்ம ஆளுகன்னா யாரு?"

"நம்ம சாதிசனந்தேன்."

மருந்தைக் கல்லீரல் செரிக்கும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும், இனத்துக்கு இனமும் கொஞ்சம் வேறுபடலாம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதனால்தான் எனக்குக் குறைவாகத் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டினார். ஆனால் மூவுலகையும் நடுங்க வைக்கும் என் கல்லீரல்கூட இதுவரை தாசில்தாரிடம் சாதிச் சான்றிதழ் வாங்கியதில்லை.

நான் சிரித்து முடிப்பதற்குள் அவர் தொடர்ந்தார். "எங்க வீட்டு மருமக இதே மாத்திரைதேன் சாப்பிடுது. ஒரு மாசமா நாந்தேன் பாதியா ஒடிச்சுக் குடுக்குறேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

"எங்க, படுக்கைய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது. அம்புட்டுச் சோம்பேறித்தனம்."

அங்கேயே அவர் மகனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, உங்கப்பா கையிலருந்து மாத்திரையப் புடுங்கு. அந்தப் பிள்ளைய இன்னைக்கே டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ."

பிறகு நடுக்கடையில் நான் பொழிந்த வசையில் வைகை இரு கரையும் தொட்டு ஓடியிருக்கும். கையிருப்பு தீர்ந்துவிட்டது. நாளைக் காலையும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். புதிய வசை வைத்திருப்பவர்கள் கீழே கமெண்டில் கொட்டுங்கள்.