மேசை பேசிய கதை

வியட்நாமில் தாய்நின் ஊரில், எங்கள் தெருவில், அரிசி மாவை அப்பளம்போல் மெல்லிய தாளாக ஊற்றிக் காயவைத்து விற்பவள் சுயென். முப்பது வயதில் கணவனை இழந்தவள். பத்து மூங்கில் தட்டிகளை வைத்தே மகள் தியெப்பைத் தாதிப் படிப்பு வரை படிக்க வைத்தாள். நண்பகல் மணி அடித்தால் மாவை அப்படியே மூடிவிட்டு, வெள்ளை அங்கியோடு காவ் தாய் மதக் கோயிலுக்கு ஓடிவிடுவாள்.

தியெப்பைப் பெண் கேட்டு சைகோனிலிருந்து வந்தார்கள்: மாப்பிள்ளை காங், அவனுடைய தாய் தூயெத், தாய்மாமன் லொக். லொக் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். சமையலுக்கு ஒத்தாசையாக நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, மேசைக் கதைய மட்டும் எடுக்காத. கால்ல விழுறேன்," என்று காலையிலேயே கெஞ்சியிருந்தாள் தியெப்.

சுயென் தானாக எடுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும், தட்டிலிருந்த சைவக் குழம்பைக் கிளறியபடி லொக்தான் கேட்டார்: "உங்க காவ் தாய் மதம் எப்படித்தாங்க ஆரம்பிச்சுது?"

"பிரெஞ்சுக்காரன் காலத்துல, சைகோன்ல மூணு குமாஸ்தா. சாயங்காலம் பொழுது போகலன்னு மேசை மேல கைய வச்சு ஆவிய கூப்பிட்டாங்க. மேசை தட்டுச்சு. தட்டுறத எண்ணி எழுத்தாக்குனாங்க. ஒருநாள் வந்தவர்கிட்ட பேரக் கேட்டா, அகரவரிசையில முதல் மூணு உயிரெழுத்தச் சொன்னாராம். அவர்தான் கடவுள்னு பின்னாடி தெரிஞ்சுது," என்றாள் சுயென்.

"கடவுளுக்கு அப்பத்தான் எழுத்துப் பழகுற வயசா?" லொக் விழுந்து விழுந்து சிரித்தார். காங் தலையைக் குனிந்துகொண்டான். தியெப் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள்.

"சிரிங்க வாத்தியாரே. அவங்களும் விளையாட்டாத்தான் உக்காந்தாங்க."

"நீங்க நம்புறீங்களா?"

சுயென் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் அந்த மேசைய பாக்கல. வீட்டுக்காரர் இருமியே செத்தப்ப, இதெல்லாம் பொய்னு மூணு வருஷம் கோயில் பக்கமே போகல. யாரும் ஏன்னு கேட்கல. ஒவ்வொரு திவசத்துக்கும் கோயில்காரங்களே வந்து பாடிட்டுப் போனாங்க. அப்புறம் நானே போனேன்."

லொக் வாயைத் திறந்தார். தூயெத் தம்பியின் கையைப் பிடித்தாள்.

"போதும்டா. அக்கா, எங்க வீட்ல எல்லாத்தையும் மூடி மூடி வைப்போம். காங்கோட அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்ததே அவர் சாவுலதான் எனக்குத் தெரியும். ஆரம்பத்தையே இப்படி ஒளிக்காம சொல்ற வீட்ல பொண்ணு எடுக்கிறது எனக்கு நிம்மதி."

காங் நிமிர்ந்து தாயைப் பார்த்தான். அவனுக்கும் அது புதுச் செய்தி.

தியெப்பை அழைத்து வர நான் கொல்லைக்குப் போனேன். முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "முடிஞ்சு போச்சா?" என்றாள்.

"முடிஞ்சுது. தேதி குறிக்கிறாங்க, வா."