கார்த்திகையில் தண்ணீர் ஏறும் வீடு

கொச்சிக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டுச் சேச்சி, "கொறச்சு வெள்ளம் குடிக்கணோ?" என்று என்னிடம் கேட்டாள். நான் திகைத்து நின்றுவிட்டேன். வெள்ளத்தை எப்படிக் குடிப்பது? விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவளுக்கு வெள்ளம் என்பது கதைகளில் மட்டுமே வருகிற சமாசாரம். இந்த ஊரிலோ ஒரு தம்ளர் தண்ணீருக்கும் அதுதான் பெயர். ஒரு வருஷத்தில் அந்தச் சொல் எனக்குப் பழகிவிட்டது. கடைத்தெருவில் மலையாளம் பேசி, மீன்காரியிடம் பேரமும் பேசினேன். "பாக்கியத்துக்கு மலையாளம் தண்ணிபட்ட பாடு" என்று என் வீட்டுக்காரர் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லுவார். அந்தப் பெருமைதான் பிறகு என்னைக் கவிழ்க்கப் பார்த்தது.

இவர் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு கிடங்கில் கணக்கு எழுதினார். கிடங்குக்கு மேலேயே எங்களுக்கு மாடி வீடு. வாடகை குறைவு, மிளகு நெடி மட்டும் இலவசம். ஐம்பதுகளின் கடைசியில், ஊரில் அப்பா நிலத்தில் பாதியை விற்றபோது என் பங்கு பணமாக என் கைக்கு வந்தது. அதை ஒரு வீட்டில் போட்டு வாடகைக்கு விடலாம் என்று எனக்கு ஆசை. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. வாடகை கொடுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம்.

கல்யாணியம்மா வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு நான் மட்டும் போய்ப் பார்த்தேன். அறுபது வயது விதவை. எறணாகுளத்தில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். ஓட்டு வீடு, வெட்டுக்கல் சுவர், முன்னால் இரண்டு அறை, பின்னால் ஓர் அறையும் அடுக்களையும். நல்ல சித்திரை வெயிலில் தரை குளுகுளுவென்று இருந்தது. எனக்கு இருந்தது ஒரே கவலை. மட்டாஞ்சேரிக் கிணறுகளில் பாதி உப்பு. அதனால் முதல் கேள்வியாக, "இவிடெ வெள்ளம் வருமோ, அம்மே?" என்று கேட்டேன்.

"வருமோன்னோ!" என்றார் அவர். "அகத்து வரெ வரும், மோளே. ஆரும் விளிக்கண்ட."

வீட்டுக்குள்ளேயே வருகிறதாம்! யாரும் கூப்பிடவே வேண்டாமாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லா மாதமும் வருமா என்று கேட்டேன். விருச்சிகத்தில்தான் கூடுதல் என்றார். விருச்சிகம் என்றால் நம் கார்த்திகை. மழைக்குப் பிறகு குழாயில் வேகம் கூடும்போலிருக்கிறது என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டு ஓடிவந்து இவரிடம் சொன்னேன்.

மறுவாரம் இருவருமாகப் போனோம். இவர் நேரே பின்னறைக்குப் போய் நின்றார். அங்கே மர அலமாரி நான்கு கற்களின்மேல் நின்றது. கட்டில் கால்களுக்கு அடியிலும் செங்கல். சுவரில் முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு பூத்துப் பொரிந்திருந்தது. முதல் தடவை இதையெல்லாம் நான் எப்படிப் பார்க்காமல் போனேன் என்று இன்றும் தெரியவில்லை. ஆசைக்குக் கண் மேலேதான் போலும். நான் ஓட்டையும் உத்தரத்தையுமே பார்த்திருக்கிறேன்.

"அலமாரி ஏன் கல்லு மேல நிக்குது?" என்று இவர் கேட்டார்.

"வெள்ளம் கேறுமல்லோ. ஞான் மோளோடு ஆத்யமே பறஞ்ஞில்லே?"

தண்ணீர் ஏறும் என்று முதலிலேயே என்னிடம் சொன்னாராம். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "உங்கிட்ட என்ன சொன்னாங்க?"

"தண்ணி வரும்னாங்க. நான் குழாய்னு நெனச்சேன்."

விஷயம் புரிந்ததும் கல்யாணியம்மா சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. குழாய் தெருமுனையில் இருந்தது. கார்த்திகை மாதத்தில் கடல் பொங்கிக் காயல் ஏறும்போது, கொல்லைச் சாக்கடை வழியாக வீட்டுக்குள் வருவதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். சிரித்து ஓய்ந்ததும் முகம் மாறி, "கள்ளம் பறஞ்ஞு வில்க்கான் எனிக்கு வய்யா. விருச்சிகத்தில் வந்து கண்ணால் காணூ. எந்நிட்டு மதி" என்றார். பொய் சொல்லி விற்க முடியாது, கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய் என்று வீடு விற்கிற ஒருவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

இதைப் படிக்கும் நம்மூர்க்காரர்கள் சிரிப்பீர்கள். சிறுமியாக இருந்தபோது கோடையில் வறண்ட ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளிக் குடம் நிறைத்திருக்கிறேன். குடம் நிறைவதற்குள் முதுகு வெந்துவிடும். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவி, அதையே முருங்கைக்கும் ஊற்றுவோம். அப்படிப்பட்ட ஊர்க்காரி, தண்ணீர் வருகிறது என்பதற்காக ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்ல யோசித்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகைக்கு முன் என் தம்பி சண்முகம் மிளகாய் வத்தல் வியாபாரமாக வந்திருந்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்தவன் முகம் சுளித்தான்.

"ஏக்கா, தண்ணிக்குள்ள நிக்கிற வீட்ட எவனாச்சும் வாங்குவானா? நம்ம காட்டுக்குப் பக்கத்துலயே ஒரு துண்டு விலைக்கு வருது. வாங்கிப் போடு, நான் பருத்தி போடுதேன். நாளைக்கு ஊருக்கு வந்தா ஒனக்குன்னு ஒரு எடம் வேண்டாமா?"

"மழை பெய்யலன்னா?" என்று கேட்டேன்.

இவர்தான் சொன்னார்: "அங்க தண்ணி இல்லாத கோளாறு, இங்க தண்ணி கூடுன கோளாறு. கோளாறே இல்லாத சொத்து நம்ம கைக்கு எட்டாது மாப்ள. எந்தக் கோளாற நம்மளால தாங்க முடியும்னுதான் பாக்கணும்."

அதைப் பார்க்கத்தான் ஒரு கார்த்திகை விடியலில் போனோம். நான் நினைத்ததுபோல் அது பாய்ந்து வரவில்லை. கொல்லையில் முதலில் ஒரு மினுக்கம். பிறகு படி நனைந்தது. சத்தமே இல்லாமல் அடுக்களைத் தரையில் பரவிக் கணுக்காலைத் தொட்டது. கல்யாணியம்மா கட்டிலில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்களுக்குச் சாயா ஊற்றிக் கொடுத்தார். வெயில் ஏறியதும் வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. முன்னறைகள் இரண்டும் ஒரு படி உயரம். அங்கே ஈரமே இல்லை. நான் சுவர் முழுக்க விரலால் தட்டிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே உதிர்ந்தது, மேலே கல்லாக இருந்தது. ஓட்டில் ஒழுக்கு இல்லை, உத்தரத்தில் செல் இல்லை. கெட்டுப்போனது பின்பாதியின் அடிச்சுவர் மட்டுந்தான் என்று தோன்றியது. வாங்கினோம். அடுக்களையில் மேடை கட்டி, பின்சுவர்களுக்கு இடுப்பளவு சிமெண்டு பூசினோம்.

முதலில் குடிவந்தது இவரோடு வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் குடும்பம். தண்ணீர் ஏறும் என்பதைச் சுத்தத் தமிழில் இரண்டு தடவை சொல்லித்தான் சாவி கொடுத்தேன். சரி சரி என்றார்கள். கார்த்திகையில் ஒருநாள் அந்தப் பெண் இடுப்பில் பிள்ளையோடு எங்கள் மாடிப்படியில் வந்து நின்றாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. பிள்ளைய எறக்கி விடப் பயமா இருக்கு" என்று சாவியை நீட்டினாள். அவளை எப்படிக் கோபிப்பது? பூட்டிய வீட்டைக் கடந்து போகும்போதெல்லாம் சண்முகத்தின் குரல் எனக்குக் கேட்கும். சித்திரை வரை யாரும் வரவில்லை. அந்த மாதங்களில் நான் மலையாளமும் பேசவில்லை, தமிழும் அதிகம் பேசவில்லை.

பிறகு ரோசி வந்தாள். காயலுக்கு நடுவே இருக்கும் கும்பளங்கித் தீவுக்காரி. அவள் புருஷன் தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுதுபார்க்கிற பட்டறையில் வேலை செய்தான். எதையும் மறைக்காமல் அவளைப் பின்னறைக்கு அழைத்துப் போய், தண்ணீர் எதுவரை வரும் என்று சுவரில் கைவைத்துக் காட்டினேன்.

"இத்ரேயுள்ளோ?" என்றாள்.

இவ்வளவுதானா என்று கேட்கிறாளா, இவ்வளவா என்று கேட்கிறாளா? இந்தத் தடவை எனக்குச் சந்தேகம். மறுபடி கேட்டேன். அவள் சிரித்தாள். "ஞங்ஙளுடெ கும்பளங்கியில் இதினு வெள்ளம்னு ஆரும் பறயில்ல, சேச்சி." அவள் ஊரில் இதையெல்லாம் வெள்ளம் என்றே யாரும் சொல்லமாட்டார்களாம்.

அந்த வருஷம் தண்ணீர் ஏறிய முதல் காலையில், சாவியை வாங்கிவரும் மனத்தோடுதான் போனேன். ரோசி இடுப்பில் கட்டியிருந்த முண்டு வேட்டியை ஏற்றிச் செருகிக்கொண்டு கொல்லைக் கதவருகே குனிந்து நின்றாள். மகள் மேடையில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். சாக்கடை வாயில் ஒரு சின்ன வலை. "சேச்சி, நோக்கிக்கே!" என்று தூக்கிக் காட்டினாள். வலைக்குள் செம்மீன் துள்ளியது, நாம் இறால் என்போமே அது. ஒரு பங்கை இலையில் பொதிந்து என் கையில் திணித்தாள். அன்று மாடி வீட்டில் மிளகு நெடியை மீறி செம்மீன் குழம்பு மணத்தது. இவர் மூன்றாம் தடவை சோறு கேட்டார். "வீட்டுக்காரம்மா" என்று என்னைக் கூப்பிட்டுக் கேலியும் செய்தார்.

ரோசி இன்றும் அங்கேதான் இருக்கிறாள். நாங்கள் அந்த வீட்டில் ஒருநாளும் குடியிருந்ததில்லை. ஆனால் போன வருஷம் திருக்கார்த்திகையன்று எனக்கு ஓர் எண்ணம் வந்தது. சொந்த வாசலில் விளக்கு வைக்க வேண்டும். அகல்களும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு போய், வைக்கட்டுமா என்று ரோசியிடம் கேட்டேன். "சேச்சிடெ வீடல்லே?" என்றாள். அவள் கிறிஸ்துமசுக்கு அப்போதே காகித நட்சத்திரம் கட்டியிருந்தாள். அதன் கீழே, வாசலை ஒட்டிய சன்னல் திட்டில் வரிசையாக ஏற்றினேன். காயல் காற்றில் ஓரத்து அகல் மட்டும் அணைந்துகொண்டே இருந்தது. மூன்றாம் தடவை ரோசி அதை எடுத்து, சன்னல் கம்பிக்கு உள்ளே, அவள் பக்கம் வைத்தாள். அங்கே அது நின்று எரிந்தது.

ஊரில் என் பெயருக்கும் ஒரு விளக்கு ஏற்றும்படி சண்முகத்திடம் சொல்லியிருந்தேன், ஏற்றியிருப்பான். நான் கடைத்தெரு வழியே நடந்து, கிடங்கு மாடிப்படியில் ஏறி, எங்கள் வாடகை வீட்டு வாசலில் உட்கார்ந்து, கையில் மிச்சமிருந்த கடைசி அகலுக்குத் திரி போட்டேன்.