லேபிளின் கடைசி வரி

தபோரா சந்தையில் எனக்குப் பக்கத்துக் கடை கலுண்டே அக்காவுடையது. இருபது வருஷமாகப் பழைய தண்ணீர் பாட்டிலில்தான் தேன் விற்றாள். எழுதப் படிக்கத் தெரியாது. அளவு குறைகிறது என்று யாராவது சொன்னால் வறுத்தெடுத்துவிடுவாள். லேபிள் இல்லாத தேனை அள்ளிக்கொண்டு போய்விடுவோம் என்று அதிகாரி மிரட்டியதிலிருந்து அந்த வாயும் அடங்கிவிட்டது. அவர் கொடுத்த மாதிரியை வைத்து லேபிள் அடித்து வந்து, பாட்டில்களில் ஒட்டினாள்.

"படிச்சுச் சொல்லுடி. ஒரு எழுத்து தப்புன்னாலும் அந்த ஆளு விடமாட்டான்."

பெயர், எடை, எடுத்த தேதி, எந்தக் காடு, எல்லாம் சரியாக இருந்தது.

"கீழே பொடி எழுத்துல இன்னொண்ணு இருக்குக்கா. ஒரு வயசு ஆகாத பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாதாம்."

"ஏனாம்?"

"உசிருக்கே ஆபத்தாம். அன்னைக்கே அந்த ஆளு சொன்னாரே, நீதான் பயத்துல காதுல வாங்கல."

எங்களில் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் படுவதே தேன்தான். அவள் தம்பி பெண்டாட்டிக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். அத்தை என்ற உரிமையில் தொட்டு வைத்தவள் இவள்தான்.

ஒட்ட எடுத்த லேபிள் அவள் விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

"காலையிலேருந்து அது பால் குடிக்கலடி," என்றாள்.