ஏழாம் எண் பெண்ணின் ஐந்தாவது ஃபவுல்

கூடைப்பந்து விதிப்புத்தகத்தில் எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். திருப்பதியில் நடந்த நடுவர் பயிற்சியில், எழுத்துத் தேர்வில் நான்தான் முதல். மறுநாள் செய்முறைத் தேர்வு. மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் பெண்கள் ஆட்டத்துக்கு விசில் ஊத வேண்டும்.

ஆட்டத்துக்கு இரண்டு நடுவர்கள். பந்து மற்றவர் பக்கம் இருக்கும்போது, கூடையடியில் நிற்கும் நான் பந்தைப் பார்க்கக் கூடாது. என் பக்கம் பந்தில்லாமல் நிற்பவர்களைத்தான் பார்க்க வேண்டும். மனப்பாடம்தான். ஆனால் பாழாய்ப்போன கண் கேட்டால்தானே!

கடைசி நிமிடங்களில் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். நகரியிலிருந்து வந்த ஏழாம் எண் பெண், எதிரணிப் பெண்ணைத் தள்ளினாள். ஊதினேன். அவளுக்கு அது ஐந்தாவது ஃபவுல். இனி ஆட முடியாது.

“சார், அவ நாலு வாட்டி முழங்கையால இடிச்சா! நீங்க பந்தையே பாத்துக்கினு கீறீங்க. வேடிக்க பாக்க டிக்கெட்டு எடுத்துக்கினா வந்தீங்க?”

அவள் உதட்டில் ரத்தம். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் பார்க்காத ஃபவுலை எப்படி ஊதுவது?

ஆட்டம் முடிந்ததும் எங்கள் நடுவர் பயிற்சியாளர் கேட்டார்: “பந்து அந்தாண்ட இருந்தா நீ எங்கப்பா பாக்கணும்?”

ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அவளை அணிக்கு எடுக்கவில்லை. நான் எப்படியோ தேறிவிட்டேன். பையை மாட்டிக்கொண்டு அவள் என்னைக் கடந்துதான் போனாள். “நான் பார்க்கலம்மா, தப்பு என்னுது” என்று சொல்ல எந்த விதியும் தடையில்லை. விசிலைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.